கால் தடுமாறுதா? கண்ணைக் கவனிங்க!

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய ஏதாவது ஒரு தெருவுக்குள் மாலை ஆறு மணிக்கு நுழைந்து பாருங்கள். ஏதோ ஒரு மாடியிலிருந்து தட்டுக்கழிச் சத்தம் நிச்சயம் கேட்கும். 'தெய்யா தெய்... தெய்யா தெய்...' அப்படி ஒரு மாடிப்படியில்தான் போன வருடம் வாரத்துக்கு மூன்று நாள் நானும் என் மாமியாரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். உள்ளே என் மகள். வயது பத்து. சலங்கை பூஜைக்கு இன்னும் இரண்டே மாதம்.

அவளுக்கு எல்லா அடவும் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. வலது காலை மடக்கி நின்று, இடது காலைக் குறுக்கே தூக்கும் நடராஜர் நிலை. ஒன்று, இரண்டு... மூன்று எண்ணுவதற்குள் கால் கீழே வந்துவிடும். இதற்கு முன்பு சேர்த்திருந்த வகுப்பில், "இவளுக்கு பேலன்ஸே வராதும்மா, பின்வரிசையில நிக்கட்டும்" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார்கள். அன்று இரவு, "அம்மா, எனக்கு டான்ஸ் வேண்டாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தவள்தான். திரும்ப அழைத்து வரவே ஆறு மாதம் ஆனது.

புது டீச்சர் அவள் காலைத் தொடவே இல்லை. எதிரில் வந்து உட்கார்ந்து, "கண்ணு எங்கடா பார்க்குது?" என்று மட்டும் கேட்டார்.

"கீழ, மிஸ். கால் ஆடுதான்னு பார்க்கறேன்."

"கால் அங்கதான் இருக்கும், எங்கயும் ஓடிப்போகாது. நீ அந்த சுவிட்ச் போர்டைப் பாரு. முகவாயைக் கீழ விடாத."

அன்றைக்கு மூன்று எண்ணிக்கை ஏழு ஆனது. ஒரே நாளில் காலுக்குப் புது பலம் வந்திருக்க முடியாது. அப்படியானால் மாறியது எது?

உடம்புக்குள் மூன்று காவலாளிகள்

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது. முதலாவது கண். 'சுவர் நேராக இருக்கிறது, நீதான் சாய்கிறாய்' என்று சொல்வது இதுதான். இரண்டாவது உட்காது. ஒவ்வொரு காதுக்குள்ளும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குரிய குழாயில் திரவம் அசைந்து செய்தி சொல்லும். பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகள், தலை சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதைச் சொல்லும். மூன்றாவது, பாதம், கணுக்கால், முட்டி, கழுத்து ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி.

இந்த மூன்றில் இரண்டு, அதாவது கண்ணும் காதும், தலையில்தான் இருக்கின்றன. மூன்றாவதிலும் கழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எனவே தலை ஆடினால் தகவல் மொத்தமும் ஆடும்.

இன்னொரு காரணம், எடை. பெரியவர்களின் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். உடம்பின் உச்சியில் வைத்த ஒரு தர்ப்பூசணி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! முகவாயைக் கீழே இறக்கினால் அந்த எடை முன்னால் போகிறது. அதைச் சமன் செய்ய இடுப்பு பின்னால் போகிறது. இரண்டு காலில் நிற்கும்போது இது தெரியாது. ஒற்றைக் காலில் நிற்கும்போது, கீழே இருப்பது ஒரே ஒரு பாதத்தின் அகலம்தான். அவ்வளவு சிறிய இடத்துக்குள் இத்தனை இழுபறி நடந்தால் கால் இறங்காமல் என்ன செய்யும்? என் மகள் 'கால் ஆடுதா' என்று பார்த்ததே கால் ஆடியதற்கு ஒரு காரணம்.

கையில் இருக்கும் போனிலேயே ஒரு சோதனை

இதை இப்போதே நீங்களும் செய்து பார்க்கலாம். இந்த வரியைப் படித்துக்கொண்டே போனை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்து கலங்கிப்போகும். இப்போது போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, 'வேண்டாம், வேண்டாம்' என்பதுபோல் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்தைப் படிக்க முடிகிறது அல்லவா?

தலை வலப்பக்கம் திரும்பும்போது, உட்காது சொல்லும் செய்தியைக் கேட்டு, கண் தானாகவே அதே அளவு இடப்பக்கம் திரும்புகிறது. நூறில் ஒரு விநாடி அளவிலேயே இது நடந்துவிடும். நாம் நினைத்துச் செய்வதல்ல. பேருந்தில் குலுங்கிக்கொண்டே கடைப் பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். பாலே ஆகட்டும், பரதம் ஆகட்டும், சமநிலைப் பயிற்சி என்று செய்வதில் பெரும் பகுதி இந்தக் கண் - காது கூட்டணியைப் பழக்குவதுதான்.

பாலேயின் சூட்சுமம்

பாலே கலைஞர்கள் கட்டைவிரல் நுனியில் நின்று பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 'ஸ்வான் லேக்' நாட்டியத்தில் நாயகி ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 சுற்றுகள் சுற்றும் இடம் உலகப் புகழ் பெற்றது. 1895-ல் இத்தாலியக் கலைஞர் பியரினா லெக்னானி அதை ஆடிக்காட்டினார். அத்தனை சுற்றுக்குப் பிறகும் தலை சுற்றாதா?

அதற்கு அவர்கள் கையாளும் உத்திக்கு 'ஸ்பாட்டிங்' என்று பெயர். சுற்ற ஆரம்பிக்கும் முன் எதிரில் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு திரும்ப ஆரம்பித்த பிறகும் முகம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும். கழுத்து இதற்கு மேல் திரும்பாது என்ற கட்டம் வந்ததும், தலை மட்டும் சட்டென்று சுழன்று, உடம்புக்கு முன்னால் வந்து அதே புள்ளியைப் பிடித்துவிடும். தலை கடைசியாகக் கிளம்பும், முதலில் வந்து சேரும். உடம்பு இடைவிடாமல் சுற்றுகிறது. தலையோ நின்று நின்று திரும்புகிறது. அதனால் கண்ணுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிலையான பிடிமானம் கிடைக்கிறது. கதக் கலைஞர்கள் சக்கர் சுற்றும்போதும் இதே கதைதான்.

ஆனால் இது வெறும் கண் வித்தை மட்டுமல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே பெண்களையும், படகு வலிக்கும் வீராங்கனைகள் 20 பேரையும் இருட்டறையில் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிவிட்டார்கள். நாற்காலி நின்ற பிறகு, 'இன்னும் சுற்றுவதுபோல் இருக்கிறதா?' என்று சோதித்தார்கள். பாலே பெண்களுக்கு அந்த உணர்வு சீக்கிரமே அடங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, உட்காதின் செய்தி வந்து சேரும் சிறுமூளைப் பகுதியிலேயே வித்தியாசம் தெரிந்தது. 2013-ல் வெளியான ஆய்வு இது. தொடர்ந்த பயிற்சியால் மூளை, தேவையில்லாத தலைசுற்றல் செய்தியை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது என்கிறார்கள். அதாவது, 'பேலன்ஸ்' பிறவியிலேயே முடிவாகிவிடும் விஷயம் அல்ல. பழக்கினால் வரும்.

அடையாறுக்கு வந்த பாலே

பாலேவுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், திருவான்மியூர் கலாக்ஷேத்ரா வாசலில் நின்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். அதை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், பரதம் ஆடுவதற்கு முன் கற்றுக்கொண்டது பாலே!

1904-ல் மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி. 1928-ல் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவா மும்பைக்கு வந்தபோது அவர் ஆட்டத்தைப் பார்த்து மயங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்ய, நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். 'உங்கள் நாட்டுக் கலையையும் தேடிப் பாருங்கள்' என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான்.

தேடல் அவரை இரண்டு பெரிய ஆசான்களிடம் கொண்டு சேர்த்தது. ஒருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இன்னொருவர், கபாலீஸ்வரர் கோயிலோடு இணைந்த மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரஸ்வதிக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்ததும் இதே கௌரி அம்மாள்தான். 1935 டிசம்பரில், அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 31. 'இந்த வயசுல போய்...' என்று தயங்கும் நம்மூர் அம்மாக்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்! அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்ரா பிறந்தது. 1962-ல் திருவான்மியூருக்கு இடம் மாறியது.

கலாக்ஷேத்ரா பாணியின் நேர்க்கோடுகளிலும் நிமிர்ந்த முதுகிலும் பாலே பயிற்சியின் சாயலைப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் தலையையும் கண்ணையும் பழக்கும் பாடத்தை நாம் பாலேயிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. அது இங்கே ஏற்கெனவே இருந்தது.

முதலில் அசைவது கண்

பரதநாட்டியக் கச்சேரியின் முதல் உருப்படி அலாரிப்பு. அதை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ஆடுகிறவர் இரண்டு பாதங்களையும் சேர்த்து, நிமிர்ந்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி நிற்பார். முதலில் அசைவது காலோ கையோ அல்ல, கண். அடுத்து கழுத்து, அட்டமி. அதற்குப் பிறகுதான் கை, அரைமண்டி, முழுமண்டி என்று உடம்பு விரியும். கடினமான நிலைகளுக்குப் போகும் முன் கண்ணையும் கழுத்தையும் தயார் செய்துவிடும் ஒழுங்கு இது.

நந்திகேஸ்வரரின் அபிநய தர்ப்பணம் தலைக்கு 9 அசைவுகள், கண்ணுக்கு 8 பார்வைகள், கழுத்துக்கு 4 அசைவுகள் என்று பிரித்துச் சொல்கிறது. மூன்று பட்டியல்களும் தனித்தனி. தலையை அசைக்காமல் கண்ணை ஓட்டலாம், கண்ணை அசைக்காமல் கழுத்தை ஓட்டலாம். தலைப் பட்டியலில் முதலாவது எது தெரியுமா? 'சமம்'. எந்தப் பக்கமும் சாயாமல், மேலேயோ கீழேயோ போகாமல் இருக்கும் தலை. பார்வைப் பட்டியலும் 'சமம்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அதே நூல் ஏழு வகைச் சுழற்சிகளையும் சொல்கிறது. அதில் ஒற்றைக் காலில் சுழலும் ஏகபாத பிரமரியும் ஒன்று.

இங்கே என் மகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அடவு செய்யறப்ப கையைப் பாருன்னு சொல்றீங்க. இப்ப சுவிட்ச் போர்டைப் பாருங்கறீங்க. எதைத்தான் மிஸ் பார்க்கறது?"

நியாயமான கேள்வி. கை போகும் இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும் என்பதுதான் பரதத்தின் அடிப்படைப் பாடம். டீச்சர் சொன்ன பதில் இது: "கையோட கண்ணு போகலாம்டா, தலை கவிழக் கூடாது. கால் தூக்கறதுக்கு முன்னாடியே கண்ணு போய் ஒரு இடத்துல உட்கார்ந்துடணும். கண்ணு உட்கார்ந்த பிறகு காலைத் தூக்கு."

இதற்கு உதாரணம் பார்க்க எழும்பூர் வரை போனால் போதும். அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் தூக்கிய காலையும் கைகளையும்தான் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது முகத்தை மட்டும் பார்த்தோம். கால் குறுக்கே போகிறது, கைகள் வீசுகின்றன, ஊன்றிய முட்டி மடங்கியிருக்கிறது. முகம் மட்டும் அசையாமல் நேரே நம்மைப் பார்க்கிறது. "அம்மா, சாமி கீழ பார்க்கவே இல்லை!" என்றாள் மகள்.

வீட்டிலேயே பழகலாம்

டீச்சர் சொல்லிக்கொடுத்து, நாங்கள் வீட்டில் தினமும் பத்து நிமிடம் செய்த பயிற்சிகள் இவை. நடனம் கற்பவர்கள் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

1. புள்ளி பிடித்தல்: இரண்டு, மூன்று மீட்டர் தூரத்தில், கண் மட்டத்தில், அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியும் டி.வி.யும் வேண்டாம். பார்வை அங்கே நிலைத்த பிறகு ஒரு காலை மெதுவாகத் தூக்குங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். மூச்சைப் பிடிக்க வேண்டாம்.

2. தலை நிற்க, கண் ஓட: தலையை நேராக வைத்து, கண்ணை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என்று ஓட்டுங்கள். முதலில் இரண்டு காலில் நின்று. பிறகு ஒரு காலில்.

3. கண் நிற்க, தலை ஓட: கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, நகத்தையே பார்த்துக்கொண்டு தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நகம் தெளிவாகத் தெரியும் வேகம்தான் உங்கள் வேகம். தலைசுற்றல் நோயாளிகளுக்கு பிசியோதெரபிஸ்ட்டுகள் சொல்லித்தரும் பயிற்சியும் இதே வகைதான்.

4. கால் சுற்று: ஒரு புள்ளியைப் பார்த்தபடி உடம்பைக் கால் வட்டம் மட்டும் திருப்பி நில்லுங்கள். அது பழகிய பிறகு அரை வட்டம், கடைசியாக முழு வட்டம். தலை கடைசியாகக் கிளம்ப வேண்டும், முதலில் வந்து சேர வேண்டும்.

5. கண்ணாடி இல்லாமல்: வகுப்புக் கண்ணாடியைப் பார்த்தே பழகிய குழந்தை, மேடையில் தடுமாறும். அங்கே எதிரில் இருப்பது இருட்டு. முகத்தில் அடிக்கும் விளக்கு. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடட்டும். மேடை ஒத்திகையின்போது, அரங்கின் பின்பக்கம் எரியும் வெளிவாசல் விளக்கு போல ஏதாவது ஒன்றை 'என் புள்ளி' என்று குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது எல்லாவற்றுக்கும் கடைசி. மூன்று காவலாளிகளில் ஒருவருக்கு லீவு கொடுப்பது போல அது. இளைஞர்களே ஆடிப்போவார்கள். சுவர் ஓரமாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

மாடிப்படியில் இன்னொரு மாணவி

இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், என் மாமியார். அவர் முந்தைய வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர். எலும்பு உடையவில்லை. ஆனால் தைரியம் உடைந்துவிட்டது. தினமும் கபாலி கோயிலுக்கு நடந்து போய் வந்தவர், அதற்குப் பிறகு ஆட்டோ இல்லாமல் தெரு முனை தாண்டவில்லை. நடக்கும்போது பார்வை கால் விரலை விட்டு அகலாது. தலை கவிழ்ந்தே இருக்கும்.

ஒருநாள் படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, அந்த சுவிட்ச் போர்டு வித்தை எனக்கும் சரிப்படுமா?"

விழுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2022-ல் பிரேசில் நாட்டில் இருந்து வெளியான ஓர் ஆய்வில், 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அபாயம் அதிகமாக இருந்தது. நிற்க முடியாததுதான் அதற்குக் காரணம் என்று ஆய்வு சொல்லவில்லை. ஆனால் சமநிலை என்பது மொத்த உடல்நலத்தின் அடையாளம் என்பது புரிகிறது.

குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தோம். சமையல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவர் காலண்டரைப் பார்த்தபடி, முதலில் குதிகாலை மட்டும் தூக்குவது. பிறகு ஒரு கால். நடக்கும்போது கால் விரலைப் பார்க்காமல் மூன்று, நான்கு அடி முன்னால் தரையைப் பார்ப்பது. மாட வீதியின் நடைபாதையில் கல்லும் குழியும் உண்டே, பார்க்காமல் முடியாது. ஆனால் அதற்குக் கண் இறங்கினால் போதும், கழுத்து மொத்தமும் கவிழ வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. படுக்கையில் புரளும்போதோ, தலையைத் தூக்கும்போதோ உலகமே சுற்றுவதுபோல் இருந்தால், அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயலாதீர்கள். உட்காதில் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பல நேரங்களில் தலையைச் சில நிலைகளில் முறையாகத் திருப்பியே அதைச் சரிசெய்துவிடுவார்கள். திடீர்த் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் மரத்துப்போனாலோ, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சலங்கை பூஜை நல்லபடியாக முடிந்தது. நடராஜர் நிலையில் மகள் எட்டு எண்ணிக்கை நின்றாள். ஒன்பதாவதில் லேசாக ஆடினாள், ஆனால் இறங்கவில்லை. முன்வரிசையில் இருந்தாள் என்பதை மட்டும் பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாமியார் இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு நடந்தே போகிறார். கூட ஒருவர் போகிறோம். குளக்கரையைத் தாண்டியதும் கோபுரம் தெரிகிறது அல்லவா, அங்கே ஒரு நிமிடம் நிற்பார். "இத்தனை நாள் தலையைத் தூக்காம நடந்ததுல, இதைப் பார்க்கவே இல்லைம்மா" என்றார் போன வாரம்.